கயிறு இறுகினால் உள்ளேதான் இழுக்கும்: விண்வெளிப் படங்களில் எந்தப் பிழையை மன்னிக்கலாம்?

நிலாப்பாறை (இழையைத் தொடங்கியவர்):

ஓர் அறிவியல் புனைவுப் படம் வந்தால் போதும், மறுநாளே "படத்தில் பத்துப் பிழைகள்" என்று பட்டியல் வந்துவிடுகிறது. அதில் எல்லாப் பிழைக்கும் ஒரே எடை. எனக்கு அங்கேதான் உடன்பாடு இல்லை. பிழை எவ்வளவு பெரியது என்று பார்ப்பதற்கு முன்னால், கதையில் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

செவ்வாயில் தனியே விடப்பட்டவர் பிழைத்து மீளும் கதையான 'தி மார்ஷியன்' (2015) படத்தின் தொடக்கப் புயலை எடுத்துக்கொள்ளுங்கள். மூலக்கதைப்படி மணிக்கு 175 கி.மீ. காற்று, ஏவுகலம் சாய்கிறது, ஆன்டெனா பிய்ந்து பறக்கிறது. செவ்வாயின் காற்றடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 0.02 கிலோ, நம்முடையது 1.2 கிலோ. காற்று தள்ளும் அழுத்தம் அடர்த்தியில் பாதி பெருக்கல் வேகத்தின் வர்க்கம். விநாடிக்கு 48.6 மீட்டரைப் போட்டால் 24 பாஸ்கல்கூட வரவில்லை. பூமியில் அதே அழுத்தத்தைத் தர மணிக்கு 22 கி.மீ. காற்று போதும். கொடியில் காயும் வேட்டி படபடக்கும், அவ்வளவுதான். மூலக்கதை எழுதிய ஆண்டி வியரே இது தெரிந்து செய்த பிழை என்று ஒப்புக்கொண்டவர்.

இருந்தாலும் எனக்கு அது உறுத்தவில்லை. நாயகனைச் சிக்கலில் தள்ளிவிடும் பொய் அது. படம் முடியும் தறுவாயில் கையுறையைக் குத்திக் கிழித்து, பீறிடும் காற்றின் உந்தலில் பறக்கிறாரே, அது சிக்கலிலிருந்து தூக்கிவிடும் பொய். நாவலில் அந்த யோசனையை நாயகன் சொல்கிறார், தளபதி ஏற்க மறுக்கிறார். படத்தில் நடத்தியே காட்டிவிட்டார்கள். முன்னதை மன்னிப்பேன், பின்னதை மன்னிக்க மாட்டேன். நீங்கள்?

கணக்குப்புலி:

கையுறைக்குக் கணக்கு வேண்டுமா? விண்வெளி உடைக்குள் அழுத்தம் சுமார் 30 கிலோபாஸ்கல், நம் காற்றழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. துளையின் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால் உந்துவிசை ஏறக்குறைய 3.6 நியூட்டன். ஆளும் உடையும் சேர்ந்து 150 கிலோ. முடுக்கம் 0.024.

உடைக்குள் காலியிடம் 50 லிட்டர் என்றால் அங்கே இருக்கும் ஆக்சிஜன் வெறும் 20 கிராம். மூன்று விநாடியில் தீர்ந்துவிடும். மொத்தமாகக் கிடைக்கும் வேகம் விநாடிக்கு 7 சென்டிமீட்டர். எறும்பைவிட வேகம்தான், ஒப்புக்கொள்கிறேன். தொட்டியிலிருந்து விடாமல் நிரப்பினாலும் விசை அந்த 3.6-ஐத் தாண்டாது, ஏனென்றால் உள்ளழுத்தம் ஏறாது.

அதைவிட மோசம், விசை உள்ளங்கையிலிருந்து வருகிறது. நிறைமையத்திலிருந்து அரை மீட்டருக்கு மேல் தள்ளி. கையை மிகச் சரியாக நெஞ்சுக்கு நேரே பிடிக்காவிட்டால் முன்னே போவதற்குப் பதில் பம்பரம்தான்.

வெள்ளித்திரை வேலு:

புலி அண்ணே, கணக்கு சரி. ஆனா தியேட்டர்ல அந்த இடத்துல கைதட்டல் விழுந்துச்சு. அந்தப் படம் முழுக்கவே "யோசிச்சுத் தப்பிக்கிறவன்" கதை. கடைசியிலயும் அவனே ஏதாவது செஞ்சாதான் வட்டம் முடியும். நாவல்ல மாதிரி அவன் சும்மா உட்கார்ந்திருக்க, மத்தவங்க வந்து பிடிச்சுட்டுப் போனா திரைக்கதையில நாயகன் கைகட்டி நிக்கிற மாதிரி ஆயிடும்.

நிலாப்பாறை:

வேலு, நீங்கள் சொல்வதே என் புகார். அதுவரை இரண்டு மணி நேரம் "கணக்குப் போட்டால் பிழைப்பாய்" என்று சொல்லிக்கொடுத்த படம், கடைசியில் கணக்கே வேண்டாம் என்று கையை விரிக்கிறது. வேறொரு படத்தில் இதே காட்சி வந்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

தோட்டக்காரி:

'தி மார்ஷியன்' நாயகன் செவ்வாயில் கூடாரத்துக்குள் உருளைக்கிழங்கு பயிரிட்டுப் பிழைப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அந்தப் படத்தின் உயிரே அதுதான்.

100 கிராம் உருளைக்கிழங்கில் ஏறத்தாழ 77 கலோரி. ஒரு நாளைக்கு 2,000 கலோரி வேண்டுமென்றால் 2.6 கிலோ. 400 நாளுக்கு ஒரு டன்னுக்குச் சற்று மேலே. நல்ல வயலில் சதுர மீட்டருக்கு 2 முதல் 2.5 கிலோ வரை கிடைக்கும், ஒரு போகம் 90 முதல் 100 நாள். ஆக 100 சதுர மீட்டரில் நான்கு போகம் எடுத்தால் கணக்கு ஏறக்குறைய நேராகிறது. எழுதியவர் உட்கார்ந்து கூட்டிப் பார்த்திருக்கிறார் என்பது தெரிகிறது.

எங்கே இடிக்கிறது என்றால், இரண்டு இடத்தில். ஒன்று மண். 2008-இல் நாசாவின் ஃபீனிக்ஸ் கலம் தரையிறங்கி செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் உப்பு இருப்பதைக் காட்டியது. அது தைராய்டைக் கெடுக்கும். ஆனால் தண்ணீரில் நன்றாகக் கரையும், மண்ணை அலசிக் கழுவினால் போய்விடும். ஒரே ஒரு காட்சியில், இரண்டு வாளித் தண்ணீரில் சரிசெய்திருக்கலாம்.

இரண்டாவது வெளிச்சம், இதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். வீட்டுக்குள் நமக்குப் பளிச்சென்று தெரியும் விளக்கு 500 லக்ஸ். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ். அறை விளக்கில் உருளைச் செடி வெளுத்து, ஒல்லியாக நீண்டு, கிழங்கு வைக்காமலே சாய்ந்துவிடும். சதுர மீட்டருக்கு 100 வாட் அளவிலாவது எல்இடி வேண்டும். 100 சதுர மீட்டருக்கு 10 கிலோவாட், நாள் முழுக்க. படத்தில் மண்ணுக்குக் கொடுத்த கவனத்தில் கால்வாசிகூட விளக்குக்குக் கொடுக்கவில்லை. ஆனால் கதைக்கு இது ஓட்டையல்ல. இன்னும் நிறையச் சூரியத் தகடு விரித்தால் அடைபட்டுவிடும்.

கணக்குப்புலி:

தண்ணீர் செய்யும் காட்சியும் சேர்த்துச் சொல்லிவிடலாம். ஹைட்ரசீன் என்ற ராக்கெட் எரிபொருளை இரிடியம் வினையூக்கி மேல் விட்டால் நைட்ரஜனும் ஹைட்ரஜனும் பிரியும். ஹைட்ரஜனை எரித்தால் தண்ணீர். 32 கிராம் ஹைட்ரசீனுக்கு 4 கிராம் ஹைட்ரஜன், அதிலிருந்து 36 கிராம் தண்ணீர். 50 லிட்டருக்கு 44 கிலோ ஹைட்ரசீன், 44 கிலோ ஆக்சிஜன்.

படத்தில் வெடிக்கிறது. காரணமும் சரியான காரணம்: தான் வெளிவிடும் மூச்சில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைக் கணக்கில் சேர்க்க மறந்தேன் என்கிறான். படம் சொல்லாமல் விட்டவை இரண்டு. முழுக்கப் பிரியாத ஹைட்ரசீன் அம்மோனியாவாக வரும், மூச்சு முட்டும். அப்புறம் வெப்பம். கிலோவுக்குச் சுமார் 19 மெகாஜூல் வெளிவரும். 44 கிலோவை 20 மணி நேரத்தில் முடித்தால் கூடாரத்துக்குள் 12 கிலோவாட் அடுப்பு இடைவிடாமல் எரிவதுபோல. வெந்துபோவான்.

இருந்தாலும் இது அருமையான காட்சி. அவன் செய்யும் தவறு வேதியியலுக்குள்ளேயே இருக்கிறது. வில்லன் தேவைப்படவில்லை.

சுற்றுப்பாதை51:

'கிராவிட்டி' (2013) பக்கம் வருவோம். விண்வெளிக் குப்பை மோதிக் கலம் சிதைந்ததும், ஹபிளில் வேலை செய்துகொண்டிருந்த இருவர் உந்துகலத்தில் விண்நிலையத்துக்குப் பறக்கிறார்கள். ஹபிள் தொலைநோக்கி அப்போது இருந்தது சுமார் 550 கி.மீ. உயரத்தில், பாதையின் சாய்வு 28.5 பாகை. பன்னாட்டு விண்நிலையம் சுமார் 400 கி.மீ., சாய்வு 51.6 பாகை. உயர வித்தியாசம் பெரிய விஷயமில்லை. சாய்வுதான் எமன். 23 பாகை திருப்ப வேண்டுமென்றால் விநாடிக்கு 3 கி.மீ. வேகமாற்றம் வேண்டும். முதுகில் கட்டிப் பறக்கும் உந்துகலம், ஷட்டில் விண்கல நாட்களில் நாசா பயன்படுத்தியது, கொடுத்தது விநாடிக்கு ஏறக்குறைய 25 மீட்டர். நூறு மடங்குக்கு மேல் பற்றாக்குறை. சென்னையிலிருந்து மதுரைக்கு நாலு சொட்டுப் பெட்ரோலில் கிளம்பியது போல.

நிலாப்பாறையின் விதிப்படி இது மன்னிக்கத்தக்கதா? எனக்குத் தோன்றுவது: மன்னிக்கலாம். படத்தின் உலகில் எல்லா நிலையங்களும் அக்கம்பக்கத்து வீடுகள் என்று முதல் இருபது நிமிடத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். அந்த ஊரின் வரைபடம் அது. பிறகு அதை மாற்றவும் இல்லை.

குப்பை விஷயமும் நல்ல அடித்தளம்தான். நாசா அறிவியலாளர் டொனால்ட் கெஸ்லர் 1978-இலேயே எழுதியது: ஒரு மோதலின் சிதறல் அடுத்த மோதலுக்கு விதை. 2007-இல் சீனா தன் பழைய வானிலைச் செயற்கைக்கோளை உடைத்தது, 2009-இல் இரிடியம், காஸ்மாஸ் என்ற செயற்கைக்கோள்கள் முட்டிக்கொண்டன. படம் மிகைப்படுத்தியது வேகத்தை. நிஜத்தில் அந்தச் சங்கிலி நகர்வது ஆண்டுக் கணக்கில். படத்தில் ஒன்றரை மணி நேரம்.

மூன்றாம்விதி:

என் கோபம் கயிற்றுக் காட்சியில். நாயகியின் கால் பாராசூட் கயிறுகளில் சிக்கியிருக்கிறது, அவர் கையில் பிடித்த வாரின் மறுமுனையில் துணைவர். இருவரும் நின்றாகிவிட்டது. ஆனாலும் ஏதோ ஒன்று துணைவரை வெளியே இழுத்துக்கொண்டே இருக்கிறது. "என்னை விட்டுவிடு" என்று சொல்லி அவிழ்த்துக்கொண்டு போய்விடுகிறார்.

எது இழுக்கிறது? ஈர்ப்பு இல்லை, அங்கே எல்லாமே சேர்ந்து விழுந்துகொண்டிருக்கின்றன. காற்றும் இல்லை. கயிறு இறுக்கமாக இருக்கிறது என்றால் அது அவர்களை நிலையத்தை நோக்கி இழுக்கிறது என்றுதான் பொருள். இருவரும் உடைகளோடு 500 கிலோ என்று வையுங்கள். கயிற்றில் வெறும் 50 நியூட்டன் இழுவிசை, ஐந்து கிலோ பையைத் தூக்கும் பலம்தான். முப்பது விநாடி பேசிக்கொண்டிருந்தால் விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் இருவரும் நிலையத்தின் மேல் போய் முட்டுவார்கள். தியாகம் செய்ய அவருக்கு நேரமே கிடைக்காது.

வெள்ளித்திரை வேலு:

நிலையம் சுத்திக்கிட்டு இருந்தா? மையவிலக்கு விசை இழுக்குமே?

மூன்றாம்விதி:

நல்ல கேள்வி, பலரும் இப்படித்தான் படத்தைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். 50 மீட்டர் ஆரத்தில், நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று வைத்தால் 0.55 மீட்டர் முடுக்கம் வரும், போதுமான இழுவைதான். ஆனால் அப்படியானால் பின்னணியில் பூமி நிமிடத்துக்கு ஒருமுறை தலைக்கு மேலே வலம் வந்திருக்க வேண்டும். படம் அந்தச் சாட்சியைக் கண்ணில் காட்டவில்லை. பார்ப்பவர் மனதில் வேலை செய்வது மலை உச்சியில் தொங்கும் ஆள், அதாவது பூமியின் ஈர்ப்பு. ஈர்ப்பு இல்லாத இடம் என்பதையே மூச்சாக வைத்த படம், நெஞ்சை உலுக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஈர்ப்பைக் கடன் வாங்குகிறது.

தோட்டக்காரி:

அந்த அழுகைக் காட்சியும் அப்படித்தானே? கண்ணீர் உருண்டு மிதந்து வருவது. நிஜத்தில் நீர்ப்பரப்பு இழுவிசையால் கண்ணிலேயே பந்துபோல ஒட்டிக்கொண்டு மூக்கு மேல் பரவும். விண்வெளி வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்ட் 2013-இல் நிலையத்திலிருந்தே கண்ணில் தண்ணீர் விட்டுக் காட்டினார்.

நிலாப்பாறை:

அதை நான் அலங்காரக் கணக்கில் சேர்ப்பேன். அந்தத் துளியால் கதையில் யாரும் பிழைக்கவும் இல்லை, சாகவும் இல்லை.

வெள்ளித்திரை வேலு:

எடுக்கிறவங்க பக்கமும் கொஞ்சம் பாருங்க. எடையின்மை காட்டுறது எவ்வளவு கஷ்டம்னு தெரிஞ்சா பாதிப் பிழை மன்னிச்சுடுவீங்க.

கம்பியில தொங்கவிட்டா இடுப்புல எடை நிக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், முகத்துல ரத்தம் இறங்கும். மேல சட்டை கீழ்நோக்கித் தொங்கும். நிஜ எடையின்மையில கை ரெண்டும் தன்னால முன்னாடி மேலெழும்பும், முட்டி லேசா மடங்கும், தண்ணிக்குள்ள தூங்குற மாதிரி. நடிகர் கையைப் பக்கத்துல தொங்கவிட்டாலே மாட்டிக்கிட்டோம். 'அப்பல்லோ 13' (1995) ஆளுங்க நாசாவோட விமானத்துலயே போய், மேலேறி விழுற ஒவ்வொரு வளைவுக்கும் இருபத்தஞ்சு விநாடிதான் கிடைக்கும்னு, துண்டு துண்டா எடுத்தாங்க. 'கிராவிட்டி'ல வேற வழி: ஆளை நிறுத்திட்டு, சுத்தி எல்இடி சுவர் வச்சு வெளிச்சத்தைச் சுத்த விட்டாங்க. கதாநாயகிக்கு முடியைக் குட்டையா வெட்டினதும் அதுக்குத்தான் உதவுச்சு. நீள முடி மிதக்கிறதை நம்புற மாதிரி செய்யறது தலைவலி.

குறைஞ்ச செலவுல எடுக்கிறவங்களுக்கு ஒண்ணு: முழு உடம்பைக் காட்டாதீங்க. மார்புக்கு மேல வைங்க, நடிகரை ஒத்தைக் கால்ல நிக்க வச்சு மெதுவா அசையச் சொல்லுங்க, கேமராவை எதிர்ப்பக்கம் மெல்ல உருட்டுங்க. கழுத்துச் சங்கிலியைக் கழட்டிடுங்க. அது ஒண்ணே காட்டிக்கொடுத்துடும்.

சுற்றுப்பாதை51:

இதற்கு நேர் எதிர்க் கோடியில் '2001' (1968). டிஸ்கவரி கலத்தின் சுழல் அறைக்கு நிஜமாகவே 38 அடி விட்டத்தில் ராட்டினம் கட்டினார்கள். 5.8 மீட்டர் ஆரத்தில் நிலவின் ஈர்ப்பு அளவு வேண்டுமானால் நிமிடத்துக்கு ஐந்து சுற்று. தலை மையத்துக்கு அருகில் இருப்பதால் காலுக்கு இருக்கும் எடை தலைக்கு இராது. தலையைச் சட்டென்று திருப்பினால் குமட்டும். நடிகர் நிதானமாக ஓடுவது அழகுக்காக என்று நினைக்கலாம், உடலுக்கும் அதுதான் நல்லது.

அந்தப் படத்திலும் ஒரு விடுபடல் உண்டு. அணு உந்துகலத்துக்கு வெப்பத்தை வெளியேற்றும் பெரிய தகடுகள் வேண்டும். முதல் வரைவுகளில் இருந்தன. இறக்கைபோல் தெரியும், விண்வெளியில் இறக்கை எதற்கு என்று பார்ப்பவர் கேட்பார் என எடுத்துவிட்டார்கள். சரியானதைக் காட்டினால் தவறென்று நினைப்பார்கள் என்ற பயம்.

கணக்குப்புலி:

அதே பயம் 'இன்டர்ஸ்டெல்லர்' (2014) கருந்துளைக்கும். இயற்பியலாளர் கிப் தோர்ன் சமன்பாடுகளைக் கொடுக்க, வரைகலைக் குழு ஒளிக்கதிர் வளைவை முறைப்படி கணக்கிட்டது. 2015-இல் ஆய்வுக் கட்டுரையாகவும் வந்தது. ஆனால் அதைச் சுற்றும் ஒளித்தட்டில் நம்மை நோக்கிச் சுழலும் பக்கம் பளீரென்றும், விலகும் பக்கம் மங்கியும் தெரிய வேண்டும். அந்த டாப்ளர் விளைவைத் திரையில் வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள், பார்வையாளர் குழம்புவார் என்று. 2019 ஏப்ரலில் வெளியான எம்87 கருந்துளைப் படத்தில் ஒரு பக்கம் தடித்து ஒளிர்வதை உலகமே பார்த்தது. யாரும் குழம்பவில்லை.

நிலாப்பாறை:

ஆனால் கதையோடு அறிவியலைத் தைத்த விதத்தில் அந்தப் படத்துக்கு நிகர் குறைவு. "இங்கே ஒரு மணி நேரம், பூமியில் ஏழு ஆண்டு." கருந்துளைக்கு அருகிலுள்ள கோளில் இறங்குவதற்கு முன்பே விலையைச் சொல்லிவிடுகிறார்கள். கால வேகம் அறுபத்தோராயிரம் மடங்கு வித்தியாசம். அதற்குக் கருந்துளை கிட்டத்தட்ட உச்ச வேகத்தில் சுழல வேண்டும் என்று தோர்னே கணக்குப் போட்டுக் கொடுத்தார். திரும்பி வந்ததும் 23 ஆண்டுகால வீடியோக்கள், மகன் வளர்ந்து, தந்தையாகி... சார்பியல் தெரியாதவருக்கும் அந்த இடத்தில் தொண்டை அடைக்கும்.

ஒரே உறுத்தல்: பூமியிலிருந்து கிளம்ப அடுக்கு ராக்கெட் தேவைப்பட்ட அதே கலம், 1.3 மடங்கு ஈர்ப்புள்ள கோளிலிருந்து தானே எழும்பிப் போகிறது. சிக்கலிலிருந்து தூக்கிவிடும் பொய். குறித்துக்கொள்ளுங்கள்.

தோட்டக்காரி:

நம் ஊர்ப் படம் ஒன்றும் இந்த விதியில் தேறுமா?

நிலாப்பாறை:

'இன்று நேற்று நாளை' (2015) தேறும். கால இயந்திரத்துக்கு இயற்பியல் விளக்கம் என்று பெரிதாக எதுவும் இல்லை. 2065-இலிருந்து வந்தது, அவ்வளவே. ஆனால் இயந்திரம் கையில் கிடைத்ததும் இருவர் செய்வது காணாமல் போன பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் ஜோசியத் தொழில். நம் ஊரில் வேறு எதைச் செய்வார்கள்! பிறகு கடந்த காலத்தில் அவர்கள் செய்த சிறு குளறுபடியால் சாக வேண்டிய ரவுடி பிழைத்துக்கொள்கிறான். சிக்கல் விதியிலிருந்தே பிறக்கிறது.

விண்கல் படமான 'டிக் டிக் டிக்' (2018) அப்படி இல்லை. நல்ல முயற்சி, ஆனால் தடை வரும்போதெல்லாம் புதுச் சலுகை கிடைத்துக்கொண்டே இருக்கும்.

சுற்றுப்பாதை51:

விண்கல் படங்கள் எல்லாவற்றிலும் ஒரே கோளாறு. பிளப்பதைப் பற்றியே பேசுவார்கள், காலத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள். பூமியின் ஆரம் 6,371 கி.மீ. கல்லை அவ்வளவு தூரம் விலக்கினால் போதும். ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் விநாடிக்கு 10 மீட்டர் தள்ள வேண்டும். பத்தாண்டு இருந்தால் விநாடிக்கு இரண்டு சென்டிமீட்டரே ஏறக்குறைய போதும். 2022 செப்டம்பரில் நாசாவின் டார்ட் கலம் விநாடிக்கு 6 கி.மீ. வேகத்தில் 160 மீட்டர் அளவுள்ள டைமார்ஃபஸ் என்ற விண்கல்லை இடித்து, அது தன்னைவிடப் பெரிய கல்லைச் சுற்றும் நேரத்தை அரை மணிக்கும் சற்று அதிகமாகக் குறைத்தது. வேகமாற்றம் விநாடிக்கு மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை.

'ஆர்மகெடான்' (1998) கல் டெக்சாஸ் அளவு. ஏறக்குறைய அவ்வளவு பெரிய செரஸ் என்ற குறுங்கோளை முழுக்கச் சிதறடிக்க, மனிதர் வெடித்ததிலேயே பெரிய 50 மெகாடன் குண்டு முப்பத்தைந்து கோடி வேண்டும். படத்தில் அவர்கள் வெடித்தது ஒன்று.

வெள்ளித்திரை வேலு:

சரி, மூன்றாம்விதி ஐயா, குறை சொன்னது போதும். அந்தக் கயிற்றுக் காட்சியை, தியாகமும் இருக்கணும், இயற்பியலும் இருக்கணும்னா எப்படி எழுதுவீங்க?

மூன்றாம்விதி:

முதலில் அவர்களை நிறுத்தாதீர்கள். கயிறு காலில் சிக்கிக்கொண்டு, மெதுவாக வழுக்கிக்கொண்டே இருக்கட்டும். அவ்வளவுதான் மாற்றம்.

நாயகி உடையோடு 220 கிலோ, துணைவர் உந்துகலத்தோடு 280. இருவரும் விநாடிக்கு 20 சென்டிமீட்டரில் விலகுகிறார்கள். வழுக்கும் கயிற்றின் உராய்வு 2 நியூட்டன். இயக்க ஆற்றல் 10 ஜூல், ஆகவே நிற்க 5 மீட்டர் கயிறு வேண்டும். மிச்சம் இருப்பது 4 மீட்டர். இருவரும் சேர்ந்தால் கயிறு தீர்ந்து இருவருமே போவார்கள். அவர் விட்டுவிட்டால் அதே உராய்வு 220 கிலோவை மட்டும் நிறுத்தினால் போதும்.

எப்போதுக்குள் விட வேண்டும்? 3.2 மீட்டர் வழுக்குவதற்குள். அப்போது வேகம் 12 சென்டிமீட்டருக்கு இறங்கியிருக்கும், நாயகி அடுத்த 0.8 மீட்டரில் நிற்பார். அதுவரை 20 விநாடி. வசனத்துக்கு உங்களுக்குக் கிடைப்பது அந்த இருபது விநாடிதான். கயிற்றின் நுனி கண்ணுக்கு முன்னால் நெருங்கிக்கொண்டே வரும்.

வெள்ளித்திரை வேலு:

அப்படின்னா அவர் எவ்வளவு வேகத்துல போவார்?

மூன்றாம்விதி:

விநாடிக்கு 12 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 7 மீட்டர். ஐந்து நிமிடம் கழித்தும் 36 மீட்டர் தூரத்தில்தான் இருப்பார், கையசைத்தால் தெரியும். உந்துகலத்தில் எரிபொருள் தீர்ந்துவிட்டது. வானொலி வேலை செய்யும்.

தோட்டக்காரி:

அவ்வளவு மெதுவாகப் போகிறவரை, ஒரு கயிற்றை வீசி இழுத்துவிடலாமே?

மூன்றாம்விதி:

இழுக்கலாம். நாயகியின் ஆக்சிஜன் முள் அந்தக் காட்சியில் ஏற்கெனவே பூஜ்யத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. கயிறு தேடப் போவதா, கதவைத் திறந்து உள்ளே போவதா என்பதை நாயகி தீர்மானிக்க வேண்டும், துணைவரோ பார்த்துக்கொண்டே இருப்பார்.

வெள்ளித்திரை வேலு:

இதை எடுத்தா யாரும் பாப்கார்ன் சாப்பிட மாட்டாங்க ஐயா.